தங்கபுஷ்பம் காத்திருந்த மனை

கானான்விளையில் தங்கபுஷ்பத்தை அடக்கம் பண்ணிப் பதினேழாம் நாள் காலையில், உபதேசியார் அருமைநாயகம் புதிதாகக் கிரயம் செய்திருந்த ஐந்து சென்ட் மனையின் நடுவில் அவள் உட்கார்ந்திருந்ததை முதலில் கண்டவை ஆடுகள்தான். அவை அவளைச் சுற்றி விலகிப்போய், அவள் இருந்த இடத்துப் புல்லை மட்டும் விட்டுவிட்டு மீதியை மேய்ந்தன. அடுத்துக் கண்டவர் கொத்தனார் சுடலைக்கண்ணு. அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்க வந்தவர், பெட்டியில் வைக்கும்போது உடுத்திவிட்ட அதே வெள்ளைச் சேலையில் கால்நீட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கக் கண்டு, கிட்டே போனார்.

"என்னக்கா, இங்க வந்து இருக்கிய?"

"உபதேசியாரய்யா வாரேன்னு சொன்னாவ. அதான் இருக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

அவளுடைய குழியில் மண் அள்ளிப் போட்டவர்களில் சுடலைக்கண்ணுவும் ஒருவர். ஆனால் பதினேழு வருஷம் அவள் கடையில் இட்லி தின்றவர் என்பதால், செத்தவள் எப்படி வந்தாள் என்று கேட்பது மரியாதையாக அவருக்குப் படவில்லை. "அவுக குடியிருக்கிற சபை வீட்டுல போயி இருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க இருந்தா அவுக வருவாவன்னு யோசிச்சுப் பாத்தேன். மனுசன் வேற எங்க வராட்டாலும் தன் மனைக்கு வருவாம்லா" என்றாள் அவள், எந்தக் குத்தலும் இல்லாமல்.

"அப்ப நான் நூலைச் சித்தத் தள்ளிப் பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

செய்தி ஊருக்குள் போனபோது பனைகளுக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. உபதேசியார் வேதக்கோயிலில் காலை ஜெபம் முடித்துப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பத்தின் அண்ணன் மகள் ரோஸ்லின் ஓடிவந்து சொன்னாள்: "ஐயா, அத்தை உங்க மனையில இருக்காவ. நீங்க வருவியன்னு சொல்லுதாவ." அருமைநாயகத்தின் கையிலிருந்த பாய் தானாக விரிந்து தரையில் ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்து ஊர்ல ஒருத்தருக்குக் காய்ச்சல். போய்ட்டு வந்துருதேன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, மனை இருக்கிற தெற்கு ரோட்டை விட்டு, சுற்றிப் போகும் வடக்கு ரோட்டில் பைக்கை விட்டார்.

அவர் ஏன் அப்படிப் போனார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், பதினேழு நாளுக்குப் பின்னே போக வேண்டும்.

அருமைநாயகம் கானான்விளைக்கு உபதேசியாராக வந்து பன்னிரண்டு வருஷம். அதற்கு முன் ஐந்து ஊர்கள். எல்லா ஊரிலும் சபை வீடுதான். மழைக்கு ஒழுகினால் சபைக் கமிட்டிக்கு எழுதிப்போட வேண்டும், முருங்கை நட்டால் காய்க்கும் முன்னே மாற்றல் வரும். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் பாத்திரங்களை எங்கே கொண்டு இறக்குவது என்று அவர் மனைவி வயலெட் கேட்கும்போதெல்லாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லுவார். பிரசங்கத்திலும் அதையே சொல்லுவார். ஆனால் கண்ணை மூடினால் அவருக்குத் தெரிந்தது ஒரு வீடு, அதன் முன்னால் காய்த்துத் தொங்குகிற முருங்கை. கடைசியில் தெற்கு ரோட்டில் அந்த மனை வாய்த்தது. விற்கிறவர் பத்திரம் பதிகிற அன்றே சாயங்காலம் மும்பைக்கு ரயிலேறுகிறவர். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

பத்திரப்பதிவு அலுவலகத்தின் வாசலில் பதினான்காம் நம்பர் டோக்கனோடு அருமைநாயகம் நின்றபோது, எட்டாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ரோஸ்லின் போன் செய்தாள்.

"ஐயா, அத்தைக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. உங்களைத்தான் கேக்காவ. ஒரு ஜெபம் பண்ணணுமாம்."

"இன்னா வாரேன். ஒரு மணி நேரத்துல வந்துருதேன்னு சொல்லு" என்றார் அவர். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னார். வண்டிச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். எடுத்த கையோடு வயலெட்டுக்குப் போன் செய்து, இப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய என்று கேட்டார்.

 வயலெட் சொன்னாள்: "சாகப்போறவ எப்படியும் ஆண்டவர்கிட்டதான் போறா. நீங்க ஜெபிச்சாலும் போவா, ஜெபிக்காட்டாலும் போவா. மனை போச்சுன்னா திரும்ப வராதுங்க. முடிச்சுட்டு வாங்க."

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அடுத்த அழைப்பு வந்தபோது போனின் சத்தத்தை நிறுத்தினார். பதினான்கைக் கூப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரலை ஒரு சின்னக் கண்ணாடியில் அழுத்தச் சொன்னார்கள், வியர்வையில் ரேகை பதியாமல் மூன்று தடவை துடைத்துத் துடைத்து அழுத்தினார். வெளியே வந்து பார்த்தபோது ரோஸ்லின் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். இருபது கிலோமீட்டரை அவர் எப்படிக் கடந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் ஏற்கெனவே நாற்காலி போட்டிருந்தார்கள்.

"கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாவ ஐயா" என்றாள் ரோஸ்லின். அவள் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

அருமைநாயகம் வாயைத் திறந்தார். இருபத்தெட்டு வருஷம் ஊழியம் செய்த அந்த வாயிலிருந்து, அவரே எதிர்பார்க்காமல், ஒரு வாக்கியம் வந்தது: "டயர் பஞ்சராகிப்போச்சும்மா. ஓடைப்பாலத்துல இருந்து உருட்டிக்கிட்டே வந்தேன்."

உடனே ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பாவம், இந்த வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று பெண்கள் தங்களுக்குள் சொன்னார்கள். ஒரு பெரியவர் துண்டால் அவருக்கு விசிறினார். அந்தக் காற்று தன் முகத்தில் பட்டதை அவர் பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்தார். அடித்திருந்தால்கூட இத்தனை நாள் வலித்திருக்காது.

இதுதான் நடந்தது. இது அவருக்கும் வயலெட்டுக்கும் மட்டும் தெரியும்.

ஆகவே அவள் வந்து உட்கார்ந்தபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அன்றைய சாப்பாட்டைச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஊருக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. முதல் வாரம் கூட்டம் கூடிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம், போகிற வழியில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வாரம், தெற்கு ரோட்டில் யாருக்காவது வழி சொன்னால், தங்கபுஷ்பம் இருக்கிற இடத்தைத் தாண்டி இரண்டாவது வீடு என்று சொல்லத் தொடங்கினார்கள். ரோஸ்லின் காலையும் மாலையும் ஒரு டம்ளர் டீ கொண்டு வைத்தாள். தங்கபுஷ்பம் அதைக் குடிக்கவில்லை, ஆறும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், சூடு போதும் என்றாள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, இறப்புச் சான்று கொடுத்தாகிவிட்டது, ரத்து செய்ய விதி இல்லை, அதனால் எந்த அரசு உதவியும் கோர முடியாது என்று விளக்கினார். எனக்கு ஒன்றும் வேண்டாம் சார், உட்காருங்க என்றாள் அவள். பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளைகள் வந்து வாழ்த்தச் சொன்னால், "படிச்சியளா?" என்று கேட்டாள். படிக்காதவர்கள் அடுத்த தடவை வரவில்லை. அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, "நான் இன்னும் போகலியே, எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

அந்தப் பதிலிலிருந்துதான் ஊருக்கு ஒரு யோசனை வந்தது. இன்னும் போகவில்லை என்றால் இனிமேல் போவாள். போகிறவளிடம் செய்தி சொல்லி அனுப்பலாம். கடலில் மகனைக் கொடுத்தவர் வந்து, நான் உன்னை அன்றைக்கு ஏசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லச் சொன்னார். பிரசவத்தில் தங்கச்சியை இழந்தவள் வந்து, உன் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் போகிறான், கணக்குதான் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லச் சொன்னாள். சுடலைக்கண்ணுவும், எங்க சாமியும் உங்க சாமியும் அங்கே எப்படி வேலி போட்டிருக்கிறார்களோ தெரியாது, ஆனாலும் கண்ணில் பட்டால் என் பெஞ்சாதியிடம் இதைச் சொல்லுங்கள் என்று, வேலையாட்கள் எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு எதையோ சொன்னார். தங்கபுஷ்பம் ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். "போகும்போது சொல்லுதேன். உபதேசியாரய்யா வரட்டும்" என்றாள்.

அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாகும்போது கேட்ட ஜெபம் பாக்கி நிற்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் தங்கபுஷ்பம் இசக்கிமுத்து என்கிற லாரி டிரைவரோடு போனவள். ஏதோ ஒரு இந்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம் அவனோடு இருந்துவிட்டு, அவன் லாரி கவிழ்ந்து செத்தபின் ஊர் திரும்பினாள். சபையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சபைக்கு முன் நின்று தன் பாவத்தை அறிக்கையிட்டால்தான் திருவிருந்தின் அப்பமும் ரசமும் என்று அப்போதைய கமிட்டி எழுதிவைத்தது. "அந்த மனுசன்கூட இருந்ததைப் பாவம்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டு அவள் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பதினேழு வருஷம். திருவிருந்து நாளில் எல்லாரும் எழுந்து முன்னே போகும்போது அவள் மட்டும் தலையைக் குனிந்து இருப்பாள். அருமைநாயகம் அந்தக் கட்டுப்பாட்டை எழுதவில்லை. வந்தபோது அது இருந்தது. அதை எடுக்கச் சொல்லி ஒரு நாளும் அவர் பேசவும் இல்லை.

சுற்றுச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான சேகரக் குருவானவர் காரில் வந்து அவளுக்காக ஜெபித்தார். அவள் ஆமென் சொன்னாள், எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு பிரசங்கியார் மைக்கும் ஸ்பீக்கருமாக வந்து, அசுத்த ஆவியே போ என்று இரண்டு மணி நேரம் கட்டளையிட்டார். அவர் இடையில் பாடிய பாட்டுகளுக்கு அவள் அழகாகக் கைதட்டி, அவருக்குத் தெரியாத மூன்றாம் சரணத்தையும் எடுத்துக்கொடுத்தாள். அவர் தொண்டை கட்டிப் போனார். அதன்பின் ஊர் உபதேசியாரிடம்தான் வந்தது. "நீங்க ஒரு எட்டுப் போய் ஜெபிச்சுட்டு வந்துருங்களேன் ஐயா. எங்க மவனுக்குச் சொன்ன சேதி போய்ச் சேரணும்லா" என்று கடலில் மகனைக் கொடுத்தவர் கைகூப்பினார். அருமைநாயகம், நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார்.

அந்த நாளைக்குகளுக்கு நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. யாருக்குத் தலைவலி என்றாலும் அடுத்த நிமிஷம் அந்த வீட்டு வாசலில் அவர் பைக் நின்றது. வாதத்தில் கிடந்த ஒருவருக்கு மலம் துடைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் யாருமில்லாத ஒரு பிச்சைக்காரருக்குப் பக்கத்தில் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சபைகளிலெல்லாம் கானான்விளை உபதேசியாரைப் போல உண்டா என்று பேசினார்கள். டயர் வெடித்தும் வண்டியை உருட்டிக்கொண்டே ஓடின மனுஷன் என்று, அந்தக் கதையை அவர் காதுபடவே புது ஆட்களுக்குச் சொன்னார்கள். பாலத்திலிருந்து உருட்டினது சொல்லச் சொல்ல மூன்று கிலோமீட்டராகி, ஐந்து கிலோமீட்டராகியது. மறுத்துச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அதற்குத் தாழ்மை என்றும் ஒரு பெயர் வைத்தார்கள். தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் வந்து துணியில் ஒட்டுவதைப் போல அந்தப் புகழ் அவர்மேல் ஒட்டியது. உதறினால் தோலுக்குள் இறங்கியது.

வீடும் வளர்ந்தது. பயிரைப் போல, தன் பாட்டுக்கு வளர்ந்தது. சுடலைக்கண்ணு அஸ்திவாரத்தை அவள் இருந்த இடம் கூடத்துக்குள் வரும்படி இழுத்தார், சுவர் ஏறியது, தளம் போடும்போது முட்டுக்கம்புகளை அவளைச் சுற்றி நட்டார்கள், மேலிருந்து சிமெண்ட் பால் சொட்டியபோது ரோஸ்லின் குடை பிடித்தாள். அருமைநாயகம் ஒரு நாளும் அங்கே போகவில்லை. வடக்கு ரோட்டின் மேட்டிலிருந்து, பனைகளுக்கு ஊடே, தன் வீட்டின் மொட்டைச் சுவர் எழுவதை அவர் பார்த்தார். வேலையைப் பார்த்துக்கொண்டதெல்லாம் வயலெட்தான்.

முதலில் வயலெட் தங்கபுஷ்பத்துக்கு முதுகைக் காட்டியபடி சுவருக்குத் தண்ணீர் அடித்துவிட்டு வந்தாள். ஆனால் சுவர் காய்ந்துவிடாமல் நாளுக்கு மூன்று வேளை நனைக்க வேண்டியிருந்தது. மூன்று வேளையும் ஒரு ஆள் இருக்கிற இடத்தில் எத்தனை நாள் முதுகைக் காட்ட முடியும்? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தினமும் உட்கார்ந்தாள். இட்லி மாவுக்கு உளுந்து எவ்வளவு என்பதில் தொடங்கி, இசக்கிமுத்து லாரியில் போன ஊர்களின் பெயர்கள் வரை வயலெட்டுக்குத் தெரிந்துபோயிற்று. நாளாக ஆக அவள் மெலிந்தாள். சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய்க் கை கழுவினாள்.

நான்காவது மாதம் ஒரு மத்தியானம், அருமைநாயகத்துக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் பிசையும்போது அவள் சொன்னாள்: "அவ ஜெபத்துக்கு இருக்கலைங்க."

அவர் கை நின்றது. "பின்ன?"

"தினமும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. 'அம்மா, நான் அந்த மனுசனோட போனது அவ்வளவு பெரிய தப்பா? பொறப்பட்டு வந்த உபதேசியாரய்யாவை வழியில நிறுத்துற அளவுக்கு ஆண்டவருக்கு எம்மேல கோவமா? டயரை அவருதான் வெடிக்க வச்சாரா?' அப்படீன்னு கேக்கா. அது தெரியாமப் போக அவளுக்குப் பயமா இருக்காம். அங்க போயி நின்னா உள்ள விடுவாவளோ மாட்டாவளோன்னு இருக்காம்."

சோற்றின் மேல் ஈ உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"அப்படியெல்லாம் இருக்காதுக்கான்னு சொன்னேன். நம்பல. எப்படி நம்புவா?" வயலெட் முந்தானையால் முகத்தை அழுத்தினாள். "நான் சொல்லியிருப்பேங்க. எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு. நான்தான முடிச்சுட்டு வாங்கன்னு சொன்னேன். ஆனா அவ கேக்குறது உங்களை. நான் சொன்னா அது பொம்பளை பொம்பளைக்குச் சொல்ற சமாதானமாப் போயிரும்."

தான் சொன்ன பொய் தன்னோடு நின்றுவிட்டது என்றுதான் அருமைநாயகம் அதுவரை நினைத்திருந்தார். சாகிற ஒருத்தியிடம் போகாமல் இருந்தது ஒரு பாவம். அதை மறைத்தது இன்னொன்று. இரண்டையும் எண்ணி அவர் தினமும் அழுதிருக்கிறார். ஆனால் தன் வாயிலிருந்து விழுந்த அந்த அற்ப வாக்கியம் நடந்துபோய், குழிக்குள் இறங்கி, செத்தவளின் காதில் ஆண்டவரின் தீர்ப்பாக மாறும் என்று அவர் நினைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆண்டவரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஒரு பக்கம். இந்த ஒன்று ஒரு பக்கம். இதைத்தான் ஒருத்தி முழுசாக நம்பியிருக்கிறாள்.

அன்றைக்கே போயிருக்கலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். அந்த மத்தியானத்தில் கூடத்தில் அவள் ஒருத்திதான் இருப்பாள். இரண்டு பேருக்குள் சொல்லி முடித்துவிடலாம். அப்படித் தோன்றியதுதான் அவரை நிறுத்தியது. பொய்யை வாசலில் வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உண்மையை மூலையில் வைத்து ஒருத்திக்கு மட்டும் சொல்ல, தன் மனசு எவ்வளவு சுலபமாக இடம் பார்க்கிறது என்று கண்டு அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் ஊரைக் கூட்டவும் தைரியம் இல்லை. அப்படியே மூன்று வாரம் போய், வீட்டுப் பிரதிஷ்டை நாள் வந்தது.

காலை பத்து மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கூடத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள்; தங்கபுஷ்பம் இருந்த இடத்தை மட்டும் சுடலைக்கண்ணு ஒரு பாய் அளவுக்கு மண்ணாகவே விட்டிருந்தார். அவள் பிரதிஷ்டைக்கென்று தலையை ஒதுக்கி, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். குருவானவர் வாசலில் ஜெபித்து, ரிப்பன் வெட்டி, எல்லாரும் உள்ளே வந்தார்கள். அருமைநாயகம் கடைசியாக வந்தார். தன் வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

அவரைப் பார்த்ததும் தங்கபுஷ்பத்தின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியளா?" என்றாள்.

சங்கீதம் வாசித்தார்கள், ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு குருவானவர், வழக்கப்படி, "நம்ம உபதேசியார் ஆண்டவர் செய்த நன்மையை ரெண்டு வார்த்தை சாட்சியாச் சொல்லட்டும்" என்றார்.

அருமைநாயகம் ஊரைப் பார்க்கவில்லை. அந்த மண் சதுரத்தின் ஓரத்தில் முழங்கால் போட்டார். ஜெபிக்கப்போகிறார் என்று நினைத்து எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"தங்கபுஷ்பக்கா" என்றார் அவர். "டயரு வெடிக்கல."

மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"நான் ஓடைப்பாலத்துல நிக்கல. ரோஸ்லின் கூப்பிடும்போது பத்திர ஆபீஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன். இந்த மனைக்கு. விட்டுட்டு வந்திருந்தா மனை போயிருக்கும்; அதான் வரல. போன் சத்தத்தை நிறுத்திட்டு நின்னேன். ஆண்டவர் என்னை நிறுத்தலைக்கா. அவரு 'போ, போ'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நின்னேன்."

வயலெட் கதவுப் பக்கத்திலிருந்து வந்து அவர் அருகில் முழங்கால் போட்டாள். "நான்தான் நிக்கச் சொன்னேன்க்கா" என்றாள்.

 தங்கபுஷ்பம் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன வரும் என்று அருமைநாயகம் நான்கு மாதமாகப் பயந்தாரோ, அது எதுவும் வரவில்லை. ஒரு பெரிய மூச்சு விட்டாள். செத்தபின் அவள் விட்ட முதல் மூச்சு அதுதான் என்று ரோஸ்லின் பிறகு சொல்லுவாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் தங்கபுஷ்பம். "வீட்டுக்காகவா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துக்கிட்டு இருந்தேனே." சிரித்துவிட்டாள். "அப்ப ஆண்டவருக்கு எம்மேல கோவம் இல்ல, என்னம்மா?" என்று வயலெட்டைக் கேட்டாள். வயலெட்டால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

அவள் கையை ஊன்றி எழுந்து, சேலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ரோஸ்லினின் கன்னத்தைத் தொட்டு, கடலில் மகனைக் கொடுத்தவரிடமும் சுடலைக்கண்ணுவிடமும் ஞாபகம் இருக்கு என்று சொல்லிவிட்டு, வாசல் வழியாக வெயிலுக்குள் போனாள்.

அதன் பிறகு ஊர் அவரை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பிரியாணியைப் பரிமாறினார்கள், யாருக்குத்தான் வேலை இல்லை என்றார்கள், குருவானவர் அவர் எழுதிக்கொடுத்த ராஜினாமாவை வாங்க மறுத்துவிட்டார். பழைய கட்டுப்பாட்டைக் கமிட்டி நோட்டிலிருந்து அடித்தார்கள். அடித்ததால் யாருக்கும் இனிப் பிரயோசனமில்லை. அருமைநாயகம் அந்த வீட்டில்தான் குடியிருந்தார், உபதேசியாராகவேதான் இருந்தார். ஆனால் திருவிருந்து நாட்களில், யாரும் சொல்லாமலே, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை வருஷம் அப்படி இருந்தார் என்பதை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுகிறார்கள்.

பிரதிஷ்டை அன்றைக்கு அவர் பந்தலைத் தாண்டி, செருப்பில்லாமல், அவள் பின்னால் ஓடினதை எல்லாரும் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில், செம்மண் மேட்டில் அவளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. "அக்கா, ஒரு ஜெபம் பண்ணிருதேன்" என்றார்.

தங்கபுஷ்பம் நின்று யோசித்தாள். "அன்னைக்குப் பயமா இருந்துச்சு, அதான் கேட்டேன். இப்பப் பயமில்லையே ஐயா. இப்ப எதுக்கு?"

 ஐம்பத்தேழு வயது மனுஷன், வெள்ளை ஜிப்பாவில், கொதிக்கிற மணலில் கால் மாற்றி மாற்றி நின்றார். கொடுக்க வந்ததை வாங்க ஆள் இல்லாமல் அவர் கைகள் முன்னே நீண்டபடி இருந்தன. அவள் அதைப் பார்த்தாள்.

"நீங்க வேணா குனிங்க" என்றாள்.

அவர் குனிந்தார். பதினேழு வருஷம் கடைசிப் பெஞ்சில் இருந்தவள் அவர் தலைமேல் கை வைத்தாள். அந்தக் கை மண்பானையைப் போலக் குளிர்ந்திருந்தது. ஜெபிக்க அவளுக்குப் பெரிய வார்த்தைகள் தெரியாது.

"ஆண்டவரே, இவுக நல்ல மனுசன். ஒரு வீடு வேணும்னு இருந்திருக்கு, அவ்வளவுதான். நீரு அதைப் பெருசா எடுத்துக்காதீரும். இவுக சாகும்போது பக்கத்துல யாராவது இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஆமென் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை அவள் கையை எடுக்கவில்லை.